பாண்டா காசை உரசிப் பார்க்காதீர்கள்

தங்கம் சோதித்துச் சொல்வது என் வேலை. சிங்கப்பூரில் கடை. வருவது பெரும்பாலும் நகைதான், அவ்வப்போது சீன அரசு வெளியிடும் பாண்டா தங்கக் காசுகளும் வரும். சில மாதங்களுக்கு முன் ஒரு அக்கா பிளாஸ்டிக் உறையில் ஒரு அவுன்ஸ் பாண்டா ஒன்றைக் கொண்டுவந்தார். இணையத்தில் வாங்கியதாம். "சீல்கூடப் பிரிக்கல தம்பி" என்றார், அதுவே சாட்சி என்பதுபோல.

காசில் 2005 என்று ஆண்டு. முகமதிப்பு, அதாவது காசில் பொறித்த பண மதிப்பு, 100 யுவான். அங்கேயே கதை முடிந்தது. 1982இல் வந்த முதல் பாண்டாவில் முகமதிப்பே கிடையாது. 1983இலிருந்து 2000 வரை ஒரு அவுன்ஸ் காசில் 100 யுவான். 2001 முதல் 500. யாரோ பழைய காசின் அச்சை வைத்துக்கொண்டு ஆண்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தராசில் வைத்தால் உறையோடு சேர்த்தே 19 கிராம். தங்கக் கணக்கில் ஒரு அவுன்ஸ் என்றால் காசு மட்டுமே 31.1 கிராம் இருக்க வேண்டும்.

இதற்கு மெஷின் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆண்டு, முகமதிப்பு, எடை மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தாலே மலிவான போலிகள் மாட்டிக்கொள்ளும். 2016 முதல் அவுன்ஸ் போய் கிராம் வந்துவிட்டது. முன்பு ஒரு அவுன்ஸாக இருந்த காசு இப்போது 30 கிராம். 2016க்குப் பிந்தைய காசில் "ஒரு அவுன்ஸ்" என்று இருந்தால் வாங்காதீர்கள். ஆனால் 2015 காசில் எடையும் தங்கத்தின் தரமும் காணோமே என்று பயப்பட வேண்டாம். அந்த ஆண்டு மட்டும் அவற்றைப் பொறிக்கவே இல்லை. பாண்டாப் படம் ஆண்டுதோறும் மாறும். 2001க்கும் 2002க்கும் மட்டும் ஒரே படம்.

அப்புறம் லென்ஸை எடுங்கள். ஒரு பக்கம் பெய்ஜிங் சொர்க்கக் கோயிலின் மூன்றடுக்குக் கூரை மண்டபம். நல்ல காசில் கூரைக் கோடுகளும் படிக்கட்டும் தனித்தனியாக நிற்கும். அசல் காசிலிருந்து அச்சை நகலெடுத்த போலியில் படிகள் குழைந்து ஒன்றாகிவிடும். பாண்டாவின் ரோமமும் சோப்பு தேய்ந்த மாதிரி இருக்கும்.

உறைக்கு வருவோம். தங்கப் பாண்டாக்கள் மெல்லிய பிளாஸ்டிக்கில் அடைத்து வருவது உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக்கைச் சூடுகாட்டி ஒட்ட எந்தக் கடையிலும் கருவி கிடைக்கும். பழைய காலிப் பெட்டிகளும் சான்றிதழ்களும் தனியாகவே விலைக்கு வருகின்றன. உறை காசுக்குச் சாட்சி ஆகாது. ஆனாலும் அசல் காசுக்கு உறை பெரிய மதிப்பு. சேகரிப்பாளர் தங்கத்தின் விலைக்கு மேல் கொடுப்பது காசு கைபடாமல் இருப்பதற்காகத்தான்.

நம் ஆட்கள் தவறுவது இங்கேதான். நகை என்றால் உரைகல்லில் உரசி, ஆசிட் வைத்துப் பார்த்தே பழகிவிட்டோம். ஒருவர் 1980களின் பாண்டாவை உறையைக் கிழித்து எடுத்து, விளிம்பை உரசிக் காட்டி, போதாததற்குப் பூந்திக்கொட்டை போட்டுக் கழுவியும் கொண்டுவந்தார். காசு அசல்தான்! 99.9 தங்கம் மெத்தென்று இருக்கும், துணி பட்டாலே கீறும். லென்ஸில் முகம் முழுக்கத் தலைமுடி மாதிரிக் கோடுகள். தங்க விலை மட்டும்தான் தர முடிந்தது. அதைவிட வேடிக்கை, உரசல் சொல்வது மேல்தோலை மட்டும்தான். உள்ளே டங்ஸ்டன் என்ற மலிவான உலோகத்தை வைத்து மேலே தங்கத்தைக் கெட்டியாக முலாம் பூசியிருந்தால் உரைகல் ஏமாந்துவிடும். இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று: கன சென்டிமீட்டருக்குத் தங்கம் 19.3 கிராம், டங்ஸ்டன் 19.25. எடையும் அளவும்கூட அங்கே உதவாது.

மின்கடத்தலை அளக்கும் கருவிதான் அதற்குச் சரி. டங்ஸ்டன் தங்கத்தில் பாதி அளவுகூட மின்சாரம் கடத்தாது. மெல்லிய உறைக்கு மேலேயே வைத்துப் பார்க்கலாம், கத்தரிக்கோல் வேண்டாம்.

என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரச்சான்று நிறுவனங்கள் காசைக் கெட்டிப் பெட்டியில் அடைத்து எண் கொடுக்கின்றன. அந்தப் பெட்டிக்கும் போலி உண்டு. எண்ணை அவர்கள் தளத்தில் போட்டால் விவரம் வரும், ஆனால் எண் இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். படமும் இருந்தால் கையிலுள்ள காசோடு ஒப்பிடுங்கள். அசல் எண்ணைத் திருடிப் போலிப் பெட்டியில் ஒட்டியிருந்த ஒன்றை நான் பிடித்தது ஒரு கீறலை வைத்து. படத்தில் பாண்டாவின் காதோரம் சின்னதாக ஒரு கோடு. கையிலிருந்த காசில் அது இல்லை.