மொட்டையடிக்கச் சொல்வதற்கு முன்

காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலை என் தொலைபேசி ஓயாது. "மரம் வீட்டு மேலயே சாயுற மாதிரி நிக்குதுங்க, தலையை வெட்டி மொட்டையடிச்சிடுங்க." குரலில் ராத்திரி முழுக்கத் தூங்காத பயம் இருக்கும். வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொல்வேன். மொட்டையடிக்கிறேன் என்று சொல்வதில்லை. இதனாலேயே கைநழுவிய வேலைகள் எத்தனையோ. நான் மறுத்த மரத்தை மறுநாளே வேறு யாராவது வந்து அரை நாளில் தூணாக்கிவிட்டுப் போயிருப்பார்கள்.

ஏன் மறுக்கிறேன் என்பதற்கு என் இடது முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மரத்தில் ஏறினேன். அதற்கும் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் யாரோ தலையை வெட்டிய மரம். கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை; பச்சைப்பசேல் என்று குடை விரித்து நின்றது. பழைய வெட்டின் விளிம்பிலிருந்து கிளம்பிய சிம்புகள் என் தொடை கனத்துக்குப் பெருத்திருந்தன. அதில் ஒன்றின் மேல் காலை ஊன்றி, பக்கத்துக் கிளையை எட்டிப் பிடிக்கப் போனேன். காலடியில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். நல்ல கட்டை 'மடார்' என்று முறியும். இது துணி கிழிகிற மாதிரி இருந்தது. நான் நின்ற கிளை அடியோடு பிட்டுக்கொண்டு கீழே போய்விட்டது. இடுப்பில் இருந்த இரண்டாவது கயிறு, பழைய வெட்டுக்குக் கீழே அடிமரத்தைச் சுற்றிப் போட்டிருந்தது, என்னை இழுத்து மரத்தோடு மோத வைத்தது. கீழே நின்ற பையன் முதலில் கேட்டது, "அண்ணே, கால் இருக்கா?"

தொங்கியபடியே அந்தக் கிளை பிட்டுப்போன இடத்தைப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளைக் கட்டை. அதற்கு உள்ளே மூக்குப்பொடி நிறத்தில் உளுத்த தூள். விரலை விட்டேன், மணிக்கட்டு வரை போயிற்று.

மரம் தன் போக்கில் விடும் கிளைக்கும், வெட்டிய பின் வெடிக்கும் சிம்புக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். இயல்பான கிளை நடுத்தண்டிலிருந்தே புறப்படுகிறது. வருடா வருடம் தண்டின் கட்டையும் கிளையின் கட்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொள்வதால், தண்டுக்குள் ஆப்பு அடித்த மாதிரி இறுகி நிற்கும். தலையை வெட்டியதும் கிளம்பும் சிம்பு பட்டைக்கு அடியில் தூங்கிக்கிடந்த மொட்டிலிருந்து வருவது. அதற்கு வெளிப்புறத்து ஓரிரு அடுக்குதான் பிடிமானம். இலையை எல்லாம் இழந்த மரம் பசியில் அவசரமாக விடுகிற சிம்பு என்பதால் நெடுநெடுவென்று வளரும். சில வருடத்திலேயே பழைய உயரத்தைத் தொட்டுவிடும். உயரம் அதே உயரம், பிடிப்பு மட்டும் இல்லை. பயந்து வெட்டிய வீட்டுக்காரருக்கு முன்னைவிட ஆபத்தான மரம் கிடைக்கிறது.

வெட்டு வாய் இன்னொரு தொல்லை. நம் தோல் ஆறுகிற மாதிரி மரத்தின் காயம் ஆறுவதில்லை. அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ, மரங்களை ஆயிரக்கணக்கில் நெடுக்காக அறுத்து உள்ளே அழுகல் எப்படிப் பரவுகிறது என்று பார்த்தவர். 1977-இல் அவர் விளக்கிச் சொன்னதைத்தான் இன்றுவரை எங்கள் தொழில் பிடித்துக்கொண்டிருக்கிறது: மரம் கெட்ட பகுதியைச் சரிசெய்வதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு அடுத்த கட்டையை வெளியே வளர்க்கிறது. அந்தச் சுவரை எழுப்ப வசதியான இடம் கிளை தண்டோடு சேரும் வீக்கம். கிளைக்கழுத்து என்று சொல்வோம். அதற்குச் சற்று வெளியே வெட்டினால் அடைப்பு சீக்கிரம் விழும். தண்டை ஒட்டி மழமழவென்று சீவினால் கழுத்தே போய்விடும். பார்க்க அழகாக இருக்கும், மரத்துக்குக் கேடு. முழ நீளத்துக்கு மொட்டைக் கட்டையை விட்டுவைத்தால் அது பட்டுப்போய் பூஞ்சைக்கு வழிவிடும்.

கனமான கிளையை ஒரே வெட்டில் எடுப்பதும் கூடாது. கழுத்திலிருந்து ஓர் அடி தள்ளி முதலில் கீழிருந்து கொஞ்சம் அறுத்துக்கொள்ள வேண்டும். அதைவிடச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. பாரம் இறங்கிய பிறகுதான் கழுத்தருகே மூன்றாவது. முதல் வெட்டை விட்டுவிட்டால் கிளை விழும்போது அடிமரத்தின் பட்டையை முழக்கணக்கில் உரித்துக்கொண்டு போகும். வெட்டு வாயில் தார், பெயின்ட் பூசச் சொல்லிக் கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பூச வேண்டாம், அழுகல் அதனால் நிற்பதில்லை, சில சமயம் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துவிடும். ஒரு தடவையில் பச்சைக் கிளைகளில் கால்வாசிக்கு மேல் கழிக்கவும் வேண்டாம். வயதான மரத்துக்கு அதுவே அதிகம்.

இனி மெஷினுக்கு வருகிறேன். செயின்சாவின் சங்கிலி முழு வேகத்தில் வினாடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடும். சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகட்டை நாக்கு என்போம்; அதன் நுனியில் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். அது எகிறும் வேகத்துக்கு எந்த மனிதனின் கையும் முந்திக்கொள்ள முடியாது. அதனால்தான் இரண்டு கையாலும் பிடி, பெருவிரலைப் பிடியைச் சுற்றிக் கொடு, தோளுக்கு மேல் தூக்காதே என்று புதுப் பையன்களிடம் தினமும் கத்துகிறேன். நாங்கள் போடும் கால்சட்டைக்குள் நீள நீளமான நார் அடுக்குகள் இருக்கும். சங்கிலி துணியைத் தொட்டதும் நார்கள் உருவிவந்து சக்கரத்தில் சிக்கி மெஷினை நிறுத்திவிடும். வெயிலில் அதைப் போட்டு வேலை செய்வது அடுப்புக்குள் நிற்கிற மாதிரிதான், மறுக்கவில்லை. ஆனாலும் கழற்றினதில்லை.

மழுங்கிய சங்கிலியைக் கண்டுபிடிக்கக் கீழே விழுவதைப் பார்த்தால் போதும். சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது; மாவு மாதிரித் தூள் விழுந்தால் அரத்தை எடுக்க வேண்டிய நேரம். மழுங்கிய வாளை அழுத்தி அறுக்கிறவனுக்குத் தோளும் போகும், கவனமும் போகும். வருடக்கணக்கில் அந்த அதிர்வைத் தாங்கிய விரல்கள் குளிர் காலையில் வெள்ளையாக வெளிறி மரத்துப்போகும். எனக்கு வலது கையில் இரண்டு விரல் அப்படி. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது.

ஏறும் கயிறு 11 முதல் 13 மில்லிமீட்டர் கனம். அதில் ஏறி இறங்க நாங்கள் போடும் உராய்வு முடிச்சுகளுக்கு முன்னோடி, ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931-இல் வெளியிட்ட முடிச்சு. பாரம் விழுந்தால் இறுகும், எடுத்தால் நகரும். இப்போது அதன் வேலையைச் செய்ய விதவிதமான இரும்புக் கருவிகள் வந்துவிட்டன. எனக்கென்னவோ முடிச்சுதான் பழகிய கை. மெஷினை ஓட்டும்போது இரண்டு இடத்தில் கட்டிக்கொள்ள வேண்டும், ஒன்றை வாள் அறுத்தாலும் மற்றது தாங்கும்படி. காலில் முள்கட்டை மாட்டி ஏறுவது வெட்டிச் சாய்க்கப் போகும் மரத்துக்கு மட்டுமே. காப்பாற்ற வேண்டிய மரத்தில் ஒருவர் முள்ளோடு ஏற வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு புண்.

நீங்களே ஏணி வைத்துச் செயின்சாவோடு ஏற நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். கிளை போனதும் அடிமரம் விசுக்கென்று நிமிரும், ஏணி போய்விடும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தைக் கூப்பிட்டு இணைப்பைத் துண்டிக்கும் வரை நாங்களே ஏறுவதில்லை. பச்சைக் கிளையில் மின்சாரம் ஓடும். கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை.

கீழே நிற்பவர்களுக்கு எடையின் கணக்கு புரிவதில்லை. அரை மீட்டர் குறுக்களவு, ஒரு மீட்டர் நீளம் உள்ள பச்சைக் கட்டைத் துண்டு ஏறக்குறைய 200 கிலோ இருக்கும். பார்க்க உட்காரும் மோடா அளவுதான். வேடிக்கை பார்க்க வருகிறவர்களை, படம் எடுக்கிறவர்களை, கூட்டி எடுக்க அவசரப்படுகிறவர்களை விரட்டுவதே கீழே நிற்கும் ஆளின் பாதி வேலை. மீதிப் பாதி, என்னையே பார்த்துக்கொண்டிருப்பது. மயங்கிப்போனவன் இடுப்புக் கச்சையில் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கிச் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து. அதனால் ஏறி இறக்கத் தெரிந்த இன்னொருவர் கருவியோடு கீழே இருக்கிறாரா என்று வேலை கொடுக்கும் நீங்களும் கேட்கலாம். ஒற்றை ஆளாக வருபவரிடம் பெரிய மரத்தைக் கொடுக்காதீர்கள்.

பொந்து விழுந்த மரம் எல்லாம் விழப்போகிற மரம் இல்லை. குழாயைப் போலத்தான் மரமும்: குறுக்களவில் 70 சதவீதம் உள்ளே காலியாகிவிட்டாலும், சுற்றுச்சுவர் முழுசாக, விரிசல் இல்லாமல் இருந்தால், வளைவைத் தாங்கும் வலிமையில் கால்வாசிதான் குறையும். நான் பயப்படுவது வேறு சிலவற்றுக்கு. ஒட்டிப் பிறந்த இரட்டைத் தண்டின் இடுக்கில் பட்டை உள்ளே மடிந்திருப்பது, நெடுக்காக ஓடும் புது விரிசல், தூரில் முளைத்த கெட்டியான காளான், சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்புறம் மண் மேலெழும்பியிருப்பது. கடைசியாகச் சொன்னதைப் பார்த்தால் படம் பிடித்துக்கொண்டு நிற்காமல் உடனே விலகிக்கொள்ளுங்கள்.

வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டு அடிக்குள்தான் இருக்கும், குடையின் விளிம்பையும் தாண்டிப் போகும். குழாய் பதிக்கத் தூரை ஒட்டிப் பள்ளம் தோண்டிவிட்டு, நாலைந்து வருடம் கழித்து உச்சி காய்கிறது என்று கூப்பிடுவார்கள். பள்ளம் தோண்டினீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். சிமென்ட் ஒட்டு மட்டும் தரையில் கோடாகத் தெரியும்.

எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் உச்சியைத்தான் எடுத்து அனுப்புகிறார்கள். அடுத்த முறை தூரையும் எடுங்கள், நாலு பக்கமும், மண் தெரியும்படி.