வேலைக்குச் சேரும் முன் வண்டி நம்பரைக் கேளுங்கள்

நாகர்கோவிலில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறவன் நான். லாரி டிரைவர்களோ அவர்கள் வீட்டுக்காரர்களோ என்னிடம் வருவது எல்லாம் முடிந்த பிறகுதான். வேலைக்குச் சேரும்போது என்ன கேட்டீர்கள் என்றால் பலருக்கும் ஒரே பதில்: சம்பளம் எவ்வளவு, பேட்டா (ஓட்டத்துக்குத் தருகிற படி) எவ்வளவு. அதற்கு மேல் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ராத்திரி வீடு திரும்புகிற மாதிரியான ஓட்டம் நம் மாவட்டத்தில் கிடைக்காமல் இல்லை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டத்தில் மீன் வண்டி, தோவாளையில் பூ, ஆரல்வாய்மொழிப் பக்கம் செங்கல், களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்கு ஜல்லி, எம்-சாண்ட். ஆள் தேவை என்ற சேதி பெரும்பாலும் லாரி ஸ்டாண்டிலும் ஒர்க்‌ஷாப்பிலும்தான் காதில் விழும். ஓனர் எப்படி என்று அவரிடமிருந்து விலகிப்போன டிரைவரிடம் விசாரியுங்கள். இப்போது ஓட்டுகிறவர் எவ்வளவு சொல்லிவிடப் போகிறார்?

லைசென்ஸ் விஷயம் சுருக்கமாக. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டிக்கு அது போதும். டிப்பருக்கும் டாரஸ் மாதிரிப் பெரிய லாரிக்கும் ஹெவி (கனரக) லைசென்ஸ் வேண்டும். “பக்கத்துலதான மக்கா, எடுத்துட்டுப் போ” என்று யாராவது சாவியை நீட்டினால் வாங்காதீர்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் புரட்டிப் பார்ப்பது உங்கள் லைசென்ஸைத்தான்.

அடுத்தது வண்டி நம்பர். அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் போட்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும். ஆர்.சி. (பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறது என்பதையும் நேரில் கேளுங்கள். ஆர்.சி. ஒருவர் பெயரில் இருக்கும், வண்டியை நடத்துவது இன்னொருவராக இருக்கும். கேஸ் வந்தால் இரண்டு பேருமே “இவன் என் டிரைவர் இல்லை” என்பார்கள்.

அதனால்தான் சம்பளம் வங்கிக் கணக்கில் வரவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்கிறேன். வேலையில் இருக்கும்போது விபத்தில் டிரைவர் இறந்தால், தப்பு அவர் பக்கமே இருந்தாலும், குடும்பத்துக்குத் தொழிலாளர் இழப்பீடு உண்டு. கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்குவார்கள். 40 வயதுக்கு அந்த எண் 184.17. ஆக, ஏட்டில் சம்பளம் 10,000 ரூபாய் என்றால் 9,20,850 ரூபாய். 15,000 என்றால் 13,81,275. கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பு 2020-இல் 15,000 ஆனது. பேட்டாவையோ பயணப்படி என்று சொல்லிச் சம்பளக் கணக்கிலிருந்து தள்ளப் பார்ப்பார்கள். சம்பளம் குறைவு, பேட்டா அதிகம் என்கிற கம்பெனி, கையில் வருகிற காசில் மற்றதுக்குச் சமமாகத் தெரியலாம். கோர்ட்டில் சமமாக இருக்காது.

டிரிப் கணக்கில் கூலி தருகிற இடங்களில் ஓவர்லோடு பற்றிப் பேசாமல் சேராதீர்கள். 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. வண்டி ஓட்டுகிறவர் மேலும் கேஸ் வரும். அபராதம் யார் கட்டுவது என்ற கேள்விக்கு ஓனர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள், பாதி தெரிந்துவிடும்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கம்பெனி என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) நம்பர் கேளுங்கள். ஒரே ஒரு லாரி வைத்திருப்பவரிடம் அது இருக்காது. அங்கே சேர்ந்தால் தொழிலாளர் துறை வழியாக அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் நீங்களே பதிந்துகொள்ளுங்கள். அப்புறம், ஒரிஜினல் லைசென்ஸையும் கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கையும் வாங்கி வைத்துக்கொள்கிற ஓனர்கள் சிலர் உண்டு. லைசென்ஸுக்கு ஜெராக்ஸ் கொடுத்தால் போதும். செக் கேட்டால் வேறு இடம் பாருங்கள்.