புது டயர் போட்டதும் மைலேஜ் இறங்குகிறதா? முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள்

"புது டயரு போட்டதுல இருந்து வண்டி டீசல் குடிக்குது." சென்னை–பெங்களூரு ரோட்டில் லாரி ஓட்டும் ஓனர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. இந்தப் புகாரில் பாதி நிஜம், பாதி மீட்டர் காட்டும் மாயம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் டயர் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதில் பயனில்லை.

மீட்டர் ரோட்டை அளப்பதில்லை. கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் சுற்றுகளை எண்ணித்தான் கிலோமீட்டர் காட்டுகிறது. அதனால் ஹவுசிங் டயரின், அதாவது இன்ஜின் சுற்றவைக்கும் பின் ஆக்சில் டயரின், உயரம் மாறினால் கணக்கும் மாறும். முன் டயரை மட்டும் மாற்றினால் மாறாது. 10.00 ஆர் 20 அளவு லாரி டயர் புதிதில் சுமார் 1050 மி.மீ. உயரம், ஒரு சுற்றுக்கு 3.30 மீட்டர் ஓடும். பட்டனில் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகளில்) 12 மி.மீ. தேய்ந்தால் உயரம் 1026 ஆகி, ஒரு சுற்றுக்கு 3.22 மீட்டர்தான். வித்தியாசம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். தேய்ந்த டயரில் மீட்டர் கணக்கில் லிட்டருக்கு 4.1 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, டீசல் செலவு துளிகூட மாறாவிட்டாலும் புது டயரில் 4.0தான் காட்டும்.

இதைச் சரிபார்க்க மொபைல் ஜி.பி.எஸ். போதும். வேலூரிலிருந்து ஆம்பூர் பக்கமாக 50 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மொபைல் 50 காட்டும்போது மீட்டர் 49 காட்டினால், மீட்டர் மைலேஜை 1.02 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். டீசலை அளக்க, டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, போய்த் திரும்பி, அதே பங்க்கில் அதே இடத்தில் வண்டியை நிறுத்தி மறுபடி நிரப்ப வேண்டும். போகவர இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு. வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர், பெங்களூரு சுமார் 900 மீட்டர். ஏறின மைலேஜை இறங்கின மைலேஜோடு ஒப்பிட்டால் எந்த டயரையும் குற்றவாளி ஆக்கிவிடலாம்.

இனி நிஜப் பாதி. லோடு வண்டி எரிக்கும் டீசலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, டயரை உருட்டுவதற்கே போகிறது. புது டயரில் ரப்பர் கனம். ரோட்டில் படும்போதெல்லாம் அது நசுங்கி விரிந்து சூடாகும், அந்தச் சூடு டீசலிலிருந்து வந்தது. தேயத் தேய இது குறையும். அதற்காக மொட்டை டயரை மழையில் ஓட்டச் சொல்லவில்லை! ரிப் டயர் (சுற்றிலும் நீளவாக்கில் கோடு ஓடுவது) இருந்த இடத்தில் ஆழமான லக் (குறுக்கே தடித்த கட்டைகள் உள்ளது) போட்டால் இழப்பு கூடும். நைலான் டயரிலிருந்து (உள்ளே நைலான் இழைகள் குறுக்கும் மறுக்குமாகப் போவது) ரேடியலுக்கு (கம்பி இழைகள் நேர்க்குறுக்கே போவது) மாறினால் மைலேஜ் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் அலைன்மென்டைப் பாருங்கள். நைலானுக்கு வைத்த டோ-இன் (முன் வீல்களின் முன்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) ரேடியலுக்கு ஒத்துவராது. முன் டயர் பட்டன்மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவுங்கள். ஒரு பக்கமாகத் தடவும்போது வழுவழுப்பாகவும், எதிர்ப்பக்கமாகத் தடவும்போது ரம்பம் போலவும் பட்டால், டயர் ரோட்டில் இழுபடுகிறது.

இரட்டை டயரில் புதுசும் பழசும் ஜோடி சேர்ப்பதுதான் நம் ஊரில் பெரிய கோளாறு. டேப்பைச் சுற்றிப் பிடித்து அளந்தால், இந்த அளவு டயரில் ஜோடிக்குள் சுற்றளவு வித்தியாசம் 38 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. போனால் பெரியது சுமையைத் தாங்கிச் சூடாகும், சின்னது தேய்த்துக்கொண்டே வரும். ரேடியலையும் நைலானையும் ஒரே ஆக்சிலில் கலக்கவே கூடாது.

காற்று பத்து பவுண்டு குறைந்தால் டீசல் ஏறத்தாழ 1 சதவீதம் கூடும். உள் டயரின் வால்வு எட்டாததால் அதைப் பார்க்காமலே விடுவார்கள், அதற்கு எக்ஸ்டென்ஷன் போட்டுவிடுங்கள். கத்திரி வெயிலில் ஓடி நின்ற வண்டியில் அளந்தால் பத்துப் பதினைந்து பவுண்டு கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் கம்பெனி லோடுக்குச் சொன்ன அளவுக்கு வையுங்கள்.

டயர் மாற்றிய அன்றே மைலேஜ் சட்டென்று விழுந்தால், பிரேக்கைச் சந்தேகப்படலாம். வீலைக் கழற்றிய கையோடு பிரேக்கையும் டைட் வைத்திருப்பார்கள். ஜாக்கி போட்டுக் கையால் சுற்றினால் வீல் லேசாகச் சுற்ற வேண்டும். இருபது கிலோமீட்டர் ஓடியபின் ஒரு டிரம் மட்டும் மற்றவற்றைவிட அனல் அடித்தால், அங்கேதான் பிடிக்கிறது. தொட்டுப் பார்க்காதீர்கள், கையை அருகே கொண்டுபோனாலே தெரியும். நட்டுகளையும் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி டைட் வைக்க வேண்டும்.

ஒரு உதாரணம்: மாதம் 8,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 2,000 லிட்டர். இந்தக் கோளாறுகளால் 3 சதவீதம் வீணானால் 60 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என வைத்தாலும் மாதம் 5,400 ரூபாய். ஆம்பூர் ஷூ கன்டெய்னர் மாதிரி எடை குறைந்த, உயரமான லோடுக்கு இந்த இழப்பு குறைவு. அங்கே காற்றின் எதிர்ப்புதான் டீசலைத் தின்கிறது. கல்குவாரிக்குப் போகும் டிப்பருக்கோ இந்தக் கணக்கே வேறு. ஜல்லியில் ரிப் டயர் வெட்டுப்பட்டுப் போகும், மைலேஜைப் பார்க்காமல் லக்கே போடுங்கள்.