ஆட்டோஃபோகஸ்: தானியங்கிக் குவிப்பு

கேமரா வாங்கிய புதிதில் நான் எடுத்த ஒரு படம். முன்னால் நீண்டிருக்கும் இலை நரம்பு நரம்பாகத் தெரிகிறது. அதன் பின்னால் சிரிக்கும் குழந்தையின் முகம் கலங்கிக் கிடக்கிறது. ‘ஆட்டோஃபோகஸ்தானே, அதுவே பார்த்துக்கொள்ளும்’ என்று நம்பி எடுத்தேன். சொல்லின் பொருள் தெரிந்திருந்தால் அந்த முகம் கிடைத்திருக்கும்.

‘ஆட்டோ’ கிரேக்க மூலம். ‘தானே’ என்று பொருள். ‘ஃபோகஸ்’ லத்தீன்; வீட்டு அடுப்பைக் குறித்தது. 1604இல் வெளியான தன் ஒளியியல் நூலில் வானியலாளர் கெப்ளர், நீள்வட்டம் முதலிய வளைவுகளுக்குள் இருக்கும் முக்கியப் புள்ளிகளுக்கு இந்தப் பெயரை வைத்தார். பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் புகையவிட்டவர்களுக்கு அந்தப் புள்ளி ஏன் அடுப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

தமிழில் ‘குவி’. கை குவிக்கிறோம், உதடு குவிகிறது, மலர்ந்த பூ மீண்டும் குவிகிறது. பரந்திருப்பது ஓரிடத்தில் கூடுவதுதான் குவிதல். லத்தீன் சொல்லில் இருப்பது தீ. தமிழ்ச் சொல்லில் இருப்பது கதிர்கள் வந்து சேரும் அசைவு. எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது. பள்ளி இயற்பியலில் வரும் குவியம், குவியத்தூரம் எல்லாம் இந்த வேரில் பிறந்தவை. ஆனால் குவியம் என்பது புள்ளியின் பெயர். கேமரா செய்வது ஒரு வேலை. அதற்குக் ‘குவிப்பு’ என்பதே சரி. ‘தானியங்கி கவனம்’ என்று எழுதுவது பிழை. கவனம் மனத்துக்கு உரியது, லென்ஸுக்கு அன்று.

‘தானியங்கி’ என்ற சொல்லில் ஒரு நுட்பம் இருக்கிறது: அது தானே இயங்குவது, தானே முடிவெடுப்பது அன்று. 1977இல் வந்த கோனிகா சி35 ஏஎஃப், 1985இல் வந்த மினோல்டா 7000 ஆகிய கேமராக்கள் தொடங்கி இன்றுவரை ஆட்டோஃபோகஸ் நகர்த்துவது லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளைத்தான். எவ்வளவு நகர்த்துவது என்பதை அறிய இன்றைய கேமராக்களில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, லென்ஸின் எதிரெதிர் ஓரங்கள் வழியாக வரும் ஒளியை ஒப்பிட்டு, எந்தத் திசையில் எவ்வளவு என்று உடனே கணக்கிடுவது. மற்றது, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து விளிம்புகள் மிகக் கூர்மையாகும் இடத்தில் நிற்பது. வெறும் வெள்ளைச் சுவரைக் காட்டினால் லென்ஸ் விர்ரென்று போய் வந்து தவிக்கும். பிடித்துக்கொள்ள அதற்கு ஒரு விளிம்பு வேண்டும்.

எதன் மேல் குவிப்பது என்ற தேர்வையும் கேமராவிடம் விட்டால், பெரும்பாலும் அருகில் இருப்பதைப் பிடித்துவிடும். முகம் கண்டுபிடிக்கும் புதிய கேமராவுக்குக்கூட, இரண்டு பேர் நின்றால் உங்களுக்கு வேண்டியவர் யார் என்று தெரியாது. அதனால் தொடக்கத்தில் எங்கே குவிப்பது என்று நீங்களே காட்டும் ஒற்றைக் குவிப்புப் புள்ளியை வைத்தே பழகுங்கள். அசையாத பொருளுக்கு, ஒருமுறை குவித்து நிற்கும் முறை; கேமராவில் அதன் பெயர் ஏஎஃப்-எஸ் அல்லது ஒன் ஷாட். ஓடும் பிள்ளைக்கு, விடாமல் தொடர்ந்து குவிக்கும் முறை; அதன் பெயர் ஏஎஃப்-சி அல்லது ஏஐ சர்வோ. இலைக்குப் பின்னால் முகமா? புள்ளியைக் கண்ணின் மேல் வையுங்கள். படமெடுக்கும் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். திரையில் புள்ளியைக் காட்டும் கட்டம் பச்சையான பிறகு மீதியை அழுத்துங்கள்.