அரை கிரவுண்ட் மனையை மேப்பில் அளக்கலாமா?

கொடுங்கையூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். கையில் கூகுள் மேப்பில் எடுத்த இரண்டு ஸ்கிரீன்ஷாட். தன் வீட்டைச் சுற்றிப் புள்ளி வைத்தால் 1,090 சதுர அடி, பக்கத்து வீட்டைச் சுற்றி வைத்தால் 1,310. இரண்டு பத்திரத்திலும் இருப்பது 20-க்கு 60, அரை கிரவுண்ட், 1,200 சதுர அடி. "நூறு அடிக்கு மேல உள்ள வந்துட்டாங்க சார்" என்றார். அதற்குள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிட்டது. அவருடைய அம்மாவும் பக்கத்து வீட்டம்மாவும் பல வருடம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். எனக்கு அதுதான் வேதனையாக இருந்தது.

வட சென்னையில் மனை அளப்பதுதான் என் தொழில். இந்த மாதிரி ஸ்கிரீன்ஷாட்டோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். மேப்பில் அளக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டரில் வலது கிளிக் செய்து, தூரம் அளக்கும் கருவியை எடுத்து, புள்ளிகளைச் சுற்றிக் கொண்டுவந்து முதல் புள்ளியிலேயே முடித்தால் பரப்பளவும் வந்துவிடும். கருவியின் கணக்கில் தப்பில்லை, பூமியின் வளைவைக்கூடச் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது. தப்பு வருவது நாம் புள்ளி வைக்கும் இடத்தில்.

நம் பக்கத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டுகள் நிறைய உண்டு. பெரிய கன்டெய்னர் 40 அடி நீளம், 8 அடி அகலம், அதாவது 320 சதுர அடி. அடுக்காமல் தரையில் தனியாக நிற்கும் ஒன்றைத் தேடி, நாலு மூலையிலும் புள்ளி வையுங்கள். அழித்துவிட்டு மறுபடி வையுங்கள், மூன்று தடவை. மூன்றும் ஒன்றாக வராது. நல்ல செயற்கைக்கோள் படத்தில்கூட ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சின்னக் கட்டம், தரையில் ஒரு அடி, ஒன்றரை அடி. எல்லாப் பக்கமும் ஒரே ஒரு அடி வெளியே போய்விட்டால் 42-க்கு 10 ஆகி, 320 இருக்க வேண்டிய இடத்தில் 420 காட்டும்.

இதே ஒரு அடி தவறை ஒரு ஏக்கர் சதுர நிலத்தில் செய்தால் கூடுவது இரண்டு சதவீதம்கூட இல்லை. மீஞ்சூர் தாண்டி வயல் வாங்குகிறவருக்கு மேப் அளவு ஓரளவு கைகொடுக்கும். 20-க்கு 60 மனையில் அதே தவறு 22-க்கு 62 ஆகி 1,364 சதுர அடி என்று காட்டும். கிட்டத்தட்ட 14 சதவீதம்! நம் தெருக்களில் அரை கிரவுண்ட், கால் கிரவுண்ட் மனைகள்தானே அதிகம்? இடம் சின்னதாகச் சின்னதாகத் தவறு பெரிதாகும். இங்கே சதுர அடி என்ன விலை போகிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், மேலிருந்து தெரிவது கூரை, சுவர் இல்லை. சன்ஷேடு, ஷீட், மாடிப்படி நீட்டம் எல்லாம் சேர்ந்து தெரியும். படம் சாய்வாக எடுத்ததாக இருந்தால் மாடி வீடு பக்கத்து மனை மேல் சாய்ந்தது போல விழும். ஒட்டிக் கட்டிய வீடுகளில் நடுச்சுவர் எங்கே என்று வானத்திலிருந்து யாராலும் பார்க்க முடியாது.

எல்லையைச் சுற்றி நடந்தால் பரப்பு சொல்லும் ஆப்களும் இருக்கின்றன. கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டலாம், சந்துக்குள் இன்னும் மோசம். 20 அடி மனையின் அகலமே ஆறு மீட்டர்தான். யோசித்துப் பாருங்கள்.

கியூஜிஸ் மாதிரி வரைபட மென்பொருளில் அளக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வெப் மெர்கேட்டரில், அதாவது இணைய மேப்புகள் உருண்டைப் பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் முறையில், அப்படியே அளந்தால் சென்னையின் அட்சரேகையில் நீளம் சுமார் 3 சதவீதம், பரப்பு சுமார் 6 சதவீதம் கூடும். ஒரு கிரவுண்ட் 2,400 இல்லாமல் சுமார் 2,540 ஆகிவிடும். சென்னைப் பகுதிக்கு உரிய யூடிஎம் 44 வடக்கு என்ற வரைபட மண்டலத்துக்கு மாற்றிக்கொண்டு அளங்கள்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் மனை பார்க்கிறவர்கள் படத்தில் தெரியும் தண்ணீர் விளிம்பிலிருந்து தூரம் அளக்கிறார்கள். அது படம் எடுத்த நேரத்து விளிம்பு. கடலோர ஒழுங்குமுறை விதிகள் பார்ப்பது உயர் அலைக் கோடு, அதாவது பெரிய அலையேற்றத்தின்போது கடல்நீர் தரையில் எட்டும் எல்லை. அதை அங்கீகாரம் பெற்ற வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும்.

தரையில் டேப் பிடிக்கும்போதும் ஒன்றை விட்டுவிடுகிறோம். நாலு பக்கம் சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம், போதாது. 20-ம் 60-ம் அப்படியே இருந்து மனை மட்டும் சாய்ந்து, மூலை 70 பாகையானால் பரப்பு 1,128 சதுர அடிக்கு இறங்கிவிடும். எதிரெதிர் பக்கங்களைக் கூட்டி, பாதியாக்கி, பெருக்கும் புரோக்கர் கணக்கு இந்தக் குறைவைக் காட்டவே காட்டாது. மூலைக்கு மூலை குறுக்களவு எடுங்கள். மூலைமட்டமான மனையில் இரண்டு குறுக்களவும் ஒன்றாக, 63 அடி 3 அங்குலம் அளவில் வரும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள்.

பத்திரம், பட்டா, நகர நில அளவை வரைபடம் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அதிலும் தகராறு என்றால் அத்துக்காட்டச் சொல்லி விண்ணப்பித்துக் கட்டணம் கட்டலாம், அரசு நில அளவர் வந்து எல்லை காட்டுவார்.

கொடுங்கையூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். டேப்பின் ஒரு முனையை அந்தத் தம்பியிடமும் மறுமுனையை பக்கத்து வீட்டுக்காரரிடமும் கொடுத்தேன். இரண்டு மனையும் முன்பக்கம் சரியாக 20 அடி, பின்பக்கம் இரண்டு அங்குலம் குறைவு. அப்படியென்றால் அந்த நூறு சொச்சம் அடி எங்கே? மாடியில் ஏறிப் பார்த்தோம். பக்கத்து வீட்டு ஷீட் 60 அடி நீளத்துக்கும் 22 அங்குலம் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. 110 சதுர அடி. மழைத் தண்ணீர் இவர்கள் மாடியில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. மனை பறிபோகவில்லை, ஆனால் குறை உண்மைதான். பக்கத்து வீட்டுக்காரர் அங்கேயே ஒத்துக்கொண்டு, ஷீட்டை வெட்டி, தண்ணீரைக் குழாய் வைத்துத் தெருப் பக்கம் விட ஆள் வரச் சொன்னார்.