யாரும் குளிக்காத நேரத்தில் ஓடும் கீசர்

கோயம்புத்தூரில் 20 வருஷமாகக் கீசர் சர்வீஸ் பார்க்கிறேன். மார்கழி பிறந்துவிட்டால் போன் ஓயாது. "தண்ணி சூடாகவே இல்லை" என்று பாதிப் பேர். "கரண்ட் பில் எகிறிவிட்டது, கீசரில் ஏதோ கோளாறு, வந்து பாருங்கள்" என்று மீதிப் பேர். இந்த இரண்டாவது ரகத்தில் போய்ப் பார்த்தால் கீசர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

போன வாரம் அப்படி ஒரு வீடு. காலை 11 மணி. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயாயிற்று, வீட்டில் ஒரு அம்மா மட்டும். பாத்ரூமில் கீசர் சுவிட்ச் ஆனில் இருந்தது. "அணைச்சு அணைச்சுப் போட்டாத்தான் கரண்ட் அதிகம் இழுக்கும்னு சொல்றாங்களே தம்பி" என்றார். வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு இது. வீட்டு வயரிங்கை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து அவரையும் பாத்ரூம் வாசலுக்குக் கூப்பிட்டேன். யாரும் குழாயைத் திறக்கவில்லை. ஆனாலும் சற்று நேரத்தில் டேங்குக்குள் 'டிக்' என்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

நடப்பது இதுதான். டேங்க் தன் சூட்டைச் சுற்றியுள்ள காற்றுக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட, தண்ணீரைச் சுட வைக்கும் 'காயில்' என்ற கம்பிச்சுருள் திரும்பத் திரும்ப ஓடுகிறது. அணைத்துவிட்டால் தண்ணீர் ஆற ஆற, வெளியேறும் சூடும் குறைந்துகொண்டே வரும். அதனால் மறுபடி மொத்தமாகச் சுட வைக்க ஆகும் கரண்ட், நாள் முழுக்கச் சூடாகவே வைத்திருக்க ஆவதைவிடக் குறைவுதான். கீசர் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் இந்தச் சூட்டுக் கசிவை வைத்துத்தான் தரப்படுகின்றன. நட்சத்திரம் கூடினால் கசிவு குறைவு.

25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 1 யூனிட் ஆகும். 2000 வாட் காயிலுக்கு அது அரை மணி நேர வேலை. 15 லிட்டர் என்றால் 20 நிமிஷம் போதும். அந்த 15 லிட்டரைப் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினால், குளிக்கிற சூட்டில் 35 லிட்டர் கிடைக்கும், கிட்டத்தட்ட இரண்டு வாளி. அப்புறம் எதற்கு, சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரை திருகி 75 டிகிரியில் வைப்பது? 60 போதும். அதற்காக வெதுவெதுப்பாக நாள்கணக்கில் தேங்கவும் விடாதீர்கள், அந்தச் சூட்டில் கிருமி வளரும்.

நம் ஊர் பில்லில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், 100-க்கு மேல் 200 வரைக்கான குறைந்த கட்டணமும் கையை விட்டுப் போய்விடும். தினம் 1 யூனிட் வீணானால் பில்லில் 60 யூனிட். விளிம்பில் நிற்கிற வீட்டைத் தள்ளிவிட அது போதும்.

தண்ணீரிலிருந்து காயிலில் படியும் உப்புக்கு வருகிறேன். சிறுவாணித் தண்ணீர் மட்டும் போகும் டேங்கைத் திறந்தால் காயில் பழுப்பு நிறத்தில் அப்படியே இருக்கும். போர் தண்ணீர் ஓடும் டேங்கில் காயிலே தெரியாது. விரல் தடிமனுக்கு வெள்ளை ஓடு, சுண்ணாம்புக் கல் மாதிரி. தட்டினால் சில்லு சில்லாக உதிரும்; அடியில் கிடப்பதை அள்ளினால் ஒரு மக் நிறையும். இதனால் பில் இரண்டு மடங்காகும் என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அது சரியில்லை, காயிலின் சூடு எப்படியும் டேங்குக்குள்தான் போகிறது. ஆனால் ஓட்டுக்குள் அடைபட்ட காயில் தன் சூட்டிலேயே வெந்து போகும். தெர்மோஸ்டாட் குழலையும் உப்பு மூடிவிட்டால் சூடு ஏறியது அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். போர் தண்ணீர் வீடுகளில் வருஷம் ஒரு முறை திறந்து சுத்தம் செய்யுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் மெக்னீசியம் கம்பியையும் அப்போதே பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

மொட்டை மாடி சொந்தமாக இருந்தால் சோலார் வாட்டர் ஹீட்டர் வையுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் கரண்டை மிச்சம் பிடிக்கிறோம் என்று சிலர் கேஸ் கீசரைப் பாத்ரூமுக்குள் மாட்டச் சொல்கிறார்கள். காற்றுப் போகாத அறையில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவார். வெளிச்சுவரிலோ திறந்த பால்கனியிலோ என்றால் மாட்டித் தருகிறேன். உள்ளேதான் வேண்டும் என்றால் அன்றைய கூலியே போனாலும் சரி, டூல் பையை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன்.