பழைய ஹோட்டல்களை இடிப்பிலிருந்து காப்பது எது? சிங்கப்பூர் விதிகள் குறித்த விளக்கம்

சிங்கப்பூரில் ஒரு கட்டடம் நூறாண்டு பழையது என்பதாலேயே அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிடுவதில்லை. தேசிய நினைவுச்சின்னமாகவோ மரபுடைமைக் கட்டடமாகவோ அது அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அறிவிப்பு இல்லாத கட்டடத்தை, வழக்கமான அனுமதிகளைப் பெற்று, உரிமையாளர் இடித்துவிடலாம்.

நகரின் பெயர்பெற்ற ஹோட்டல்கள் சில இப்படித்தான் மறைந்தன. பாடாங் திடலை நோக்கி நின்ற ஹோட்டல் டி லா யூரோப் 1936இல் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் 1939இல் உச்ச நீதிமன்றம் திறக்கப்பட்டது. அன்று அதைத் தடுக்கக்கூடிய சட்டமே இல்லை. கோல்மன் ஸ்திரீட்டில் இருந்த அடெல்ஃபி ஹோட்டலுக்கு நேர்ந்ததுதான் கூடுதலாக வருந்தத்தக்கது. நினைவுச்சின்னப் பாதுகாப்பு வாரியம் 1971இலேயே அமைந்துவிட்டது; 1973இல் அறிவிக்கப்பட்ட முதல் எட்டு நினைவுச்சின்னங்களில் சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலும், அடெல்ஃபிக்கு மிக அருகிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இடம்பெற்றன. அதே 1973இல் மூடப்பட்ட அடெல்ஃபி அந்தப் பட்டியலில் இல்லை; 1980இல் அது இடிக்கப்பட்டது.

இன்று பாதுகாப்புக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தேசிய மரபுடைமைக் கழகத்தின் ஆலோசனையுடன் அமைச்சர் பிறப்பிக்கும் ஆணை. 1887இல் தொடங்கப்பட்ட ராஃபிள்ஸ் ஹோட்டல், தன் நூறாவது ஆண்டான 1987இல் இவ்வாறு தேசிய நினைவுச்சின்னமானது. அதன் பிறகு அதில் செய்யும் மாற்றங்களுக்குக் கழகத்தின் ஒப்புதல் தேவைப்படுகிறது.

இரண்டாவது வழி, திட்டமிடல் சட்டத்தின்கீழ் நகர மறுசீரமைப்பு ஆணையம் செயல்படுத்தும் மரபுடைமைப் பாதுகாப்புத் திட்டம். 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உள்ளிட்ட வட்டாரங்களில் தொடங்கிய இத்திட்டத்தில் இன்று 7,200க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அடங்கியுள்ளன. கட்டடக்கலைச் சிறப்பு, அரிய தன்மை, வரலாற்று, சமூக முக்கியத்துவம், சுற்றுப்புறத்தின் அடையாளத்துக்கு அது அளிக்கும் பங்கு ஆகியவை எடைபோடப்படுகின்றன. இயன்றவரை மூலப்பகுதிகளைத் தக்கவைப்பது, நுணுக்கமாக மீட்டெடுப்பது, கவனமாகப் பழுதுபார்ப்பது என்பதே இத்திட்டத்தின் அடிப்படை நெறி. ஆனால் எல்லா இடங்களிலும் ஒரே கண்டிப்பு இல்லை: மேற்சொன்ன வரலாற்று வட்டாரங்களில் முழுக் கட்டடமும் காக்கப்பட வேண்டும், கேலாங், ஜாலான் புசார் போன்ற பகுதிகளில் முன்பகுதியைக் காத்து, பின்புறத்தில் உயரமாகப் புதிதாகக் கட்ட இடமுண்டு.

இவ்விதிகள் காப்பது கட்டடத்தை மட்டுமே, அதற்குள் நடக்கும் தொழிலை அல்ல என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இயூ டோங் சென் ஸ்திரீட்டில் 1927இல் எழுந்த கிரேட் சதர்ன் ஹோட்டலின் முகப்பை இன்றும் காணலாம்; ஆனால் 1990களில் புதுப்பிக்கப்பட்ட பிறகு அது யூ ஹுவா என்னும் பல்பொருள் அங்காடியாக இயங்குகிறது. ஹோட்டல் போய்விட்டது என்று வருந்துவோர் இருக்கிறார்கள். எனினும் வேறு பயன்பாட்டுக்கு மாற அனுமதித்திராவிட்டால், அந்தக் கட்டடத்தைப் பேணும் செலவை ஏற்க எவரும் முன்வந்திருப்பார்களா என்பது ஐயமே.

செலவைப் பொறுத்தவரை, பெரிய கட்டடங்களுக்கு ஆணையம் சலுகைகளும் வழங்கியிருக்கிறது. 1973இல் கட்டப்பட்ட கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் ஹோட்டல் அன்று. ஆனால் அதை 2021இல் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தபோது, அதே மனையில் கூடுதல் தளப்பரப்பு கட்டும் உரிமையும் மேம்பாட்டுக் கட்டணத்தில் ஓரளவு தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டன. 1960களிலும் 1970களிலும் எழுந்த ஹோட்டல்களைக் காக்க விரும்புவோர் இதை முன்னுதாரணமாகக் காட்ட முடியும் என்றே நான் கருதுகிறேன்.

ஒரு கட்டடம் பாதுகாக்கப்பட்டதா என்பதை ஆணையத்தின் இணையத்தளத்தில் முகவரியைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். அதில் இல்லாத கட்டடத்தைக் காக்க வேண்டும் என்று பொதுமக்களும் ஆணையத்துக்கு எழுதலாம். மறுமேம்பாட்டுக்கு அனுமதி வழங்கப்படுவதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது.